லாரிக்காரர் வீட்டுக் கதையை இந்தியில் எடுத்திருக்கிறார்கள்!

மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி எழுதுவது. எனக்கு வயது, 57. கணவர், லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு கறவை எருமை, ஒரு மகன், மருமகள், பேத்தி. இந்தப் பகுதிக்கு இதற்கு முன் சமையல் குறிப்பும், வீட்டுக் குறிப்பும் எழுதியிருக்கிறேன். இந்த முறை, ஒரு சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். பெயரையும், முகவரியையும் வெளியிட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக் கொண்டிருக்கிறேன். காரணம், படித்து வரும்போது உங்களுக்கே புரியும்.

படத்தின் பெயர், 'ஏக் அலக் மௌசம்!' 2003ல் வந்த இந்திப் படம். 'வேறு மாதிரியான ஒரு பருவம்' என்று தமிழில் சொல்லலாம். நம் பக்கத்து தியேட்டர்களில் இது ஓடியதாக நான் கேள்விப்படவே இல்லை. வடக்கேயும் பெரிதாக ஓடவில்லையாம். என் மருமகள் எம்.ஏ., இங்கிலீஷ் படித்தவள். இந்தக் கதையை எழுதிய மகேஷ் தத்தானியின் நாடகம் ஒன்று, அவளுக்குப் பாடமாக இருந்ததாம். ஒருநாள் மதியம், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, 'அத்தை, அழகி படத்துல தனலட்சுமியா வந்தாங்களே... அவங்க நடிச்ச படம்ங்க. பாக்கறீங்களா?' என்றாள்.

நந்திதா தாஸ்! அழகியை மறக்க முடியுமா? கன்னத்தில் முத்தமிட்டால் படத்தில், பெற்ற பிள்ளையை விட்டுப் போன தாயாக வந்து அழ வைத்ததும் அவர் தானே. சரி என்று உட்கார்ந்தேன். எனக்கு இந்தியில், 'பானி, ரொட்டி' தவிர ஒன்றும் தெரியாது. மருமகள், போனை நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னாள். இரண்டு மதியம் ஆயிற்று, படம் முடிய.

அபர்ணா என்று ஒரு பெண். நல்ல குடும்பம், நல்ல புருஷன், வயிற்றில் குழந்தை. டாக்டரிடம் போகிற இடத்தில், ரத்தத்தில் எச்.ஐ.வி., இருப்பது தெரிகிறது. அவள் என்ன தப்பு செய்தாள்? கல்யாணம் செய்து கொண்டாள், அவ்வளவு தான். புருஷனிடமிருந்து வந்த நோய். ஆசைப்பட்ட அந்தக் குழந்தை, பிறக்காமலே போகிறது. வீட்டை விட்டு வந்தவள், இதே நோய் உள்ளவர்களைப் பராமரிக்கும், 'ஜீவன் ஜோதி' என்ற இல்லத்துக்குப் போய்ச் சேருகிறாள். அதை நடத்தும் டாக்டராக அனுபம் கெர். அங்கே, ஜார்ஜ் என்று ஒரு லாரி டிரைவர். ரஜித் கபூர் நடித்திருக்கிறார். அவருக்கும் அதே நோய். இரண்டு பேருக்கும் நடுவில், மெதுவாக ஒரு பிரியம் வளர்கிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. பாருங்கள்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். ஆக்‌ஷன் எய்ட் என்ற தொண்டு நிறுவனம் எடுத்த படம். அதனால் அங்கங்கே கொஞ்சம் பிரசார வாடை அடிக்கிறது. மெதுவாகப் போகிறது. என் கணவர் பத்து நிமிடம் எட்டிப் பார்த்து, 'இதென்ன, ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்த மாதிரி இருக்குது' என்று எழுந்து போய் விட்டார். ஆனால், இயக்கிய கே.பி.சசி, (கேரளத்துக்காரர், 2022ல் காலமாகி விட்டார்) ஒரு காரியம் செய்திருக்கிறார். நோயாளியை, எலும்பும் தோலுமாகக் காட்டிப் பயமுறுத்தவில்லை. சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், கோபித்துக் கொள்கிறார்கள். நம்மைப் போல இருக்கிறார்கள்.

நம் தமிழில், 2007ல், மிருகம் என்று ஒரு படம் வந்தது. சாமி இயக்கி, ஆதியும், பத்மப்ரியாவும் நடித்தது. ஊரையே ஆட்டிப் படைத்தவனுக்கு எய்ட்ஸ் வந்து, படுத்த படுக்கையாகி விடுவான். பத்மப்ரியா நன்றாக நடித்திருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும், அந்தப் படத்தைப் பார்த்து வெளியே வந்த ஆம்பிளைகள், 'ஆடினான்... அனுபவிச்சான்' என்று சொல்லிவிட்டுப் போய் விடலாம். நோய், கெட்டவனுக்குத் தண்டனை. அவ்வளவு தான். அப்படியானால், சோறாக்கி வைத்துக் காத்திருந்தவளுக்கு எதற்குத் தண்டனை? அவள் வயிற்றுப் பிள்ளைக்கு எதற்கு? நம்ம ரேவதி கூட, 2004ல், பிர் மிலேங்கே என்று இந்தியில் ஒரு படம் எடுத்தார். எச்.ஐ.வி., இருப்பதால் வேலையை விட்டு நீக்கப்பட்ட பெண், கோர்ட்டுக்குப் போகிற கதை. தைரியமான படம், ஷில்பா ஷெட்டி நடித்தது. அதுவும் ஓடவில்லை. ஆனால், அது உத்தியோகத்துக்கான சண்டை. அபர்ணா இழந்தது, தொட்டிலை.

ஜார்ஜ் லாரி டிரைவர் என்று தெரிந்ததும், எனக்குப் படம் இந்தியில் ஓடுவதே மறந்து போயிற்று. எங்கள் பக்கம் லாரி என்றால் என்ன என்று, வெளியூர் வாசகியருக்குச் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவார்கள், சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில், 'போர்' போடுகிற ரிக் வண்டி. பருத்தி ஏலமும், தறியும் போக, இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது சக்கரத்தை நம்பிப் பிழைக்கிறவர் இருப்பார். கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று, இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும் வருவதற்கு. சேலத்திலிருந்து பிரித்து, 1997 ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி மாவட்டமானது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், எய்ட்ஸ் அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்று என்று பேப்பரில் பெயர் அடிபட ஆரம்பித்து விட்டது. வெளியூரில் பெண் எடுக்கவும், கொடுக்கவும் யோசித்த காலம் அது. கொஞ்ச நாளில், புள்ளிராஜா விளம்பரம் சுவருக்குச் சுவர் வந்தது. பிள்ளைகள் அர்த்தம் கேட்டால், 'போய்ப் படி' என்று விரட்டுவோம்.

எங்கள் தெருவில் அப்போது நடந்தது இது. 1999. லாரி டிரைவர் ஒருவரின் மனைவி, ஏழு மாத கர்ப்பிணி. வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவை அவளிடம் சொல்லவில்லை. வராந்தாவில் வைத்து, மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் எட்டுப் பேர். அவர்கள் பஸ் ஏறி ஊர் வந்து சேருவதற்கு முன், சேதி வந்து சேர்ந்து விட்டது. தனக்கு என்னவென்று அந்தப் பெண், குழாயடியில் தான் தெரிந்து கொண்டாள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், அவள் குடத்தை வரிசையிலிருந்து நகர்த்தி வைத்தார்கள்.

சீர் இல்லை, வளையல் இல்லை. அம்மா வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். புருஷன் அந்த வருடமே போய் விட்டான். பையன் பிறந்தான். தொட்டிலில் போட ஒரு பழம்புடவை கூட மாமியார் வீட்டிலிருந்து போகவில்லை. அவள் நான்கு வருடம் தறி ஓட்டினாள். 2003, கார்த்திகையில் இறந்தாள். அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது, 2004, ஏப்ரல் முதல் தேதி. நடுவில் நான்கைந்து மாதம் தான்!

அந்தப் பையனை, அம்மாயி வளர்த்தார். அவனுக்கு நோய் இல்லை, சோதித்துப் பார்த்தாயிற்று. இப்போது பட்டறையில் வேலை, ஆறடி உயரம். ஆனாலும், பெண் பார்க்கப் போகிற இடத்தில், யாராவது ஒருவர் காதில் போய், 'அவங்கப்பன் எப்படிச் செத்தான் தெரியுமில்ல?' என்று ஓதி விடுகிறார்கள். 25 வருடமாகிறது.

அதே காலத்தில் தான், நாமக்கல்லைச் சேர்ந்த இன்னொரு பெண், தலையைக் குனிந்து கொள்ளாமல் வெளியே வந்து பேசினார். பி.கௌசல்யா. 1995ல் உறவுக்கார லாரி டிரைவருக்கு அவரைக் கட்டி வைத்தார்கள். கல்யாணமாகி சில வாரங்களில், தனக்கும் எச்.ஐ.வி., என்று தெரிந்தது. 'எனக்கு இருக்கிறது' என்று, பெயரோடும், முகத்தோடும் சொன்ன முதல் சில இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். 1998ல், தன்னைப் போன்ற பெண்கள் சிலரோடு சேர்ந்து, 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் துவக்கினார். அபர்ணா என்ற பெண்ணை தத்தானி காகிதத்தில் எழுதுவதற்கு முன்பே, அந்த மாதிரி ஒருத்தி நம்ம ஊரில் நடமாடிக் கொண்டிருந்தாள் என்பது, எனக்கு ஒரு பெருமை.

இரண்டு நோயாளிகள் காதலிப்பதா, கல்யாணமா, சினிமாவுக்காக எழுதியது என்று நினைப்பீர்கள். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் என்று ஒருவர் இருந்தார். இளம் டாக்டரான நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளைக் கொண்டு, 1986ல், இந்தியாவில் எச்.ஐ.வி., நுழைந்து விட்டதை முதலில் கண்டு சொன்னவர்கள் இவர்கள். பிறகு, சுனிதி, ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தை நடத்தினார். சிகிச்சைக்கு வந்த ஆண், பெண்ணுக்கெல்லாம், ஜாதகம் பார்ப்பது போல மருந்துச் சீட்டைப் பார்த்து, ஜோடி சேர்த்துக் கல்யாணம் செய்து வைத்தார் அந்த அம்மா! நோயில்லாத பிள்ளைகளும் அவர்களுக்குப் பிறந்தன. 2015ல் அவர் காலமாகி விட்டார்.

எப்படி நோயில்லாத பிள்ளை பிறக்கும் என்கிறீர்களா? அதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கொண்டு, ஆளும், மாதமும் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித் தான் இதை எழுதுகிறேன். இப்போது அவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. வேறு ஊருக்குப் போய் விட்டனர்.

அப்போது, எங்கள் வீட்டின் பின்பக்க லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவன் ரிக் வண்டியில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம் பிள்ளை இல்லை. திருச்செங்கோடு மலைக்கு மாதா மாதம் படியேறி, அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டு வருவாள். 'குளிக்காமல் 50 நாள் ஆச்சுங்கம்மா' என்று, என்னிடம் தான் முதலில் சொன்னாள்; அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற சோதனைகளோடு எச்.ஐ.வி., சோதனையும் எடுத்தார்கள். 'இருக்கலாம்' என்று, அடுத்ததாக நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினர். அங்கே உறுதியாயிற்று. ஆனால், 1999 மாதிரி வராந்தாவில் வைத்துச் சொல்லவில்லை. அவளைத் தனியாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவளிடம் மட்டும் தான் சொன்னார்கள். 'யாருகிட்ட சொல்லோணும், எப்பச் சொல்லோணும்ங்கறது உன்ற இஷ்டம் கண்ணு' என்றாராம், ஆலோசகர் அம்மா.

புருஷனை வரச் சொல்லிச் சோதித்தார்கள். அவனுக்கும் இருந்தது.

அன்று ராத்திரி, மோர் வாங்க வருகிற சாக்கில் வந்தவள், எருமைக் கட்டுத்தறியில் நின்று அழுதது, இன்னும் கண்ணில் நிற்கிறது. 'என்ற வீட்டுக்காரரு கலைச்சுப்புடலாம் புள்ளைங்கறாருங்கம்மா. நாம ரெண்டு பேரும் போயிட்டா, அதைய யாரு பாப்பாங்கன்னு அழுவறாரு. எனக்கு மனசில்லீங்கம்மா...' என்றாள்.

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன்.

மறுவாரம், இருவரையும் உட்கார வைத்து, ஆலோசகர் கணக்குச் சொல்லியிருக்கிறார். மருந்தே இல்லாவிட்டால், நூறு தாய்மாரில், 15 முதல் 45 பேரின் குழந்தைக்கு நோய் வரலாம். கர்ப்பத்திலேயே மாத்திரையை ஆரம்பித்து, விடாமல் சாப்பிட்டால், நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய் விடும். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால், புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் பரவாது. மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அவர்களுக்குக் கொடுத்தது, நாளைக்கு ஒன்று தான். 'ரெண்டு பேரும் போயிடுவோம்னு யாரு சொன்னது? பேரன், பேத்தி பாக்கலாம்' என்றாராம். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். 2017ல் நிறைவேறி, 2018, செப்டம்பர், 10 முதல் அமலில் இருக்கிற எச்.ஐ.வி., சட்டத்தில், விஷயத்தை விளக்கிச் சொல்லி, அந்தப் பெண்ணின் சம்மதம் வாங்காமல், கருவைக் கலைக்கவோ, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யவோ கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறதாம். புருஷனே ஆனாலும், 'கலை' என்று உத்தரவு போட முடியாது. இதைக் கேட்டு, 'அந்த அபர்ணா காலத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால்...' என்றாள், என் மருமகள், படம் பார்த்த அன்று.

பிள்ளையைப் பெறுவது என்று, அவள் தான் முடிவெடுத்தாள். அவன் தலையாட்டினான்.

அப்புறம் தான் பெரிய சிக்கல். மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது? ஒற்றை அறை வீடு. மாமியார் உடன் இருக்கிறாள். அதனால், டப்பா என் வீட்டுக்கு வந்தது. உளுந்து டின்னுக்குப் பின்னால் வைத்தேன். தினமும் ராத்திரி எட்டரைக்கு, சொம்பை எடுத்துக் கொண்டு மோருக்கு வருவாள். மாத்திரையைப் போட்டுக் கொண்டு போவாள். ஐந்து மாதம். ஒரு நாள் தவறவில்லை. நோம்பிக்கு நாங்கள் ஊருக்குப் போகும்போது, சாவியை அவளிடம் கொடுத்து விட்டுப் போவேன். மாமியாரிடம் மறைக்கலாமா என்று கேட்பீர்கள். நானும் மாமியார் தான். சொல்லத்தான் வேண்டும்; ஆனால், எப்போது என்பது அவள் பாடு.

எட்டாம் மாதத்தில், மகனே தாயிடம் சொல்லி விட்டான். மூன்று நாள் அந்தம்மா யாரிடமும் பேசவில்லை. நாலாம் நாள் காலையில், மருமகளுக்குச் சுடுதண்ணீர் வைத்து, முதுகு தேய்த்துக் குளிப்பாட்டியதை, நானே கொல்லையிலிருந்து பார்த்தேன். டப்பா அன்றே அவர்கள் வீட்டுக்குப் போயிற்று.

அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. பிறந்ததும் சொட்டு மருந்து கொடுத்து, ஆறு வாரத்துக்குத் தொடரச் சொன்னார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம், ஆனால், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் தான். தாய்ப்பாலும் கொடுத்து, இடையிடையே மாட்டுப்பாலோ, வேறு எதுவோ கலந்து கொடுப்பது தான் ஆபத்து என்று, படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினர். இங்கே தான் வந்தது வம்பு. பார்க்க வந்தவர்களில் ஒருத்தி சர்க்கரைத் தண்ணீர் விரலோடு வந்தாள். இன்னொருத்தி வசம்பு உரசினாள். தெருவில் கழுதைப்பால்காரன் வந்து, 'ஒரு சங்கு குடுங்கம்மா, சீரு வராது' என்று நின்றான். அத்தனை பேரையும் வாசலிலேயே மடக்கியது யார் தெரியுமா? அந்த மாமியார்! 'டாக்டரம்மா வைவாங்க, போ போ' என்று கழுதையோடு சேர்த்து விரட்டியது, தெருவே சிரித்தது.

ஆறாவது வாரம் ரத்தம் எடுத்தார்கள், நோய் இல்லை. ஆறு மாதம், இல்லை. ஒரு வயதிலும் இல்லை. 18வது மாதம் எடுப்பது தான் கடைசிச் சோதனை. அது, வருகிற ஆவணியில். இதற்குள் அவனுக்கு வேறு வேலை கிடைத்து, ஊர் மாறி விட்டார்கள். இருவரும் மருந்து சாப்பிடுகின்றனர். வெளி மாநிலம் போகும்போது, அவன் மாத்திரையை மொத்தமாக வாங்கிக் கொண்டு போகிறானாம்.

கல்யாணமாகி, பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் தோழியருக்கு ஒரு வார்த்தை. மாதம் தள்ளிப் போனதும், எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் இந்தச் சோதனையை எடுக்கலாம். 'எங்களுக்கெல்லாம் எதுக்கு?' என்று முகம் சுளிக்க வேண்டாம். புருஷனையும் கூட்டிப் போங்கள். கேட்க வேண்டியது இருந்தால், 1097க்கு போன் செய்தால், காசில்லாமல் பதில் சொல்கிறார்கள். யார் பேசுகிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

படத்தைப் பற்றி, போன வாரம் போனில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கதையைக் கேட்டாள். அபர்ணாவின் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

'ஆவணி ஆகட்டுங்கம்மா... அப்புறம் பாக்கறேன்' என்றாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மல்லசமுத்திரம்.